சனி கடகத்தில் இருக்கும்வரை

ஹாலிஃபாக்ஸ்,
9 ஜனவரி 1887

என் தம்பி ஜாஸ்பருக்கு,

நானும் ரூபனும் சௌக்கியம். உன் இருமல் எப்படி இருக்கிறது? லண்டன் மூடுபனியில் கழுத்துத் துணி இல்லாமல் அலையாதே.

விதிநூல் வந்து சேர்ந்தது. கறுப்புத் தோல் அட்டை, முதல் பக்கத்தில் 'பழைய ஏடுகளிலிருந்து மொழிபெயர்த்தவர்' என்று உன் பெயர். எங்கள் ஊர் ஜோதிட சபைத் தலைவி ஓல்டிராய்டு அம்மாள் அந்தப் பக்கத்துக்கு முத்தம் கொடுத்தாள். புருஷன் உயிரோடு இருந்தபோது அவருக்குக்கூட அப்படிக் கொடுத்திருக்க மாட்டாள். "நிஜமாவே உங்க தம்பியா? கூடப் பொறந்தவரா?" என்று பன்னிரண்டு பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா உனக்கு லத்தீன் சொல்லித் தரும்போது நான் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டே கேட்டவள். "பொட்டப்புள்ளைக்கு லத்தீன் எதுக்கு?" என்று அவர் என்னை எழுப்பி அனுப்பிய பிறகும் உன் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவள் நான்தான். அதனால் அந்தப் பெயரில் பாதி எனக்குச் சேரும்.

இன்னொரு விஷயம். இடது மார்பில் ஒரு கட்டி, பாதாம் கொட்டை அளவு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. லீட்ஸ் டாக்டரிடம் காட்டினோம். "சின்னதா இருக்கறப்பவே எடுத்துட்டா தொல்லை விட்டுதும்மா. தள்ளிப்போடாதீங்க" என்றார். பிப்ரவரி ஒன்பது, புதன்கிழமை என்று குறித்திருக்கிறோம். நல்ல நாள்தானா என்று பார்த்துச் சொல்.

ரூபன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
பிரிசில்லா


லண்டன்,
13 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் சௌக்கியமாக இருக்கிறது. இந்த ஊரில் என்னை விட்டுப் பிரிய மனமில்லாத ஜீவன் அது ஒன்றுதான். அத்தானுக்கு என் வணக்கம்.

கட்டிக்கெல்லாம் பயப்படாதே. பழையவர்கள் சொன்ன விதி மிகச் சின்னது. எந்த உறுப்பை அறுக்கப் போகிறார்களோ, அந்த உறுப்புக்கு உரிய ராசியில் சந்திரன் நிற்கும்போது இரும்பு படக்கூடாது. மார்புக்குக் கடகம். ஒன்பதாம் தேதி சந்திரன் கடகத்தைத் தாண்டிப் போய்விடுகிறான். டாக்டர் கத்தியைத் தீட்டி வைத்திருந்தால் போதும், போய் எடுத்துக்கொண்டு வா.

என் பாடுதான் பெரும் பாடு. யார் வீட்டு மாடியில் குடியிருக்கிறேனோ அந்தப் பெவரெல்தான் எங்கள் எல்லாச் சபைகளுக்கும் தலைவர். அவர் முத்திரை விழாத வரி எந்த ஊர்ச் சபையிலும் செல்லாது. கிரேக்கனிடமிருந்து அரபிக்காரன் எடுத்தான், அரபிக்காரனிடமிருந்து ஸ்பெயின் துறவி எடுத்தான், துறவியிடமிருந்து நான் எடுத்துத் தருகிறேன். மனுஷனுக்குப் போதவில்லை. "இதெல்லாம் ஒரு பென்னிக்கு விக்கிற பஞ்சாங்கத்துலயே இருக்கே ஜாஸ்பர்! எவன் கண்ணும் படாத ஏடு வேணும். பழசு வேணும். அதைவிடப் பழசு வேணும்" என்கிறார். நான் ஏதோ கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருப்பதுபோல.

ஜூனில் என்னை ஏட்டுக் காப்பாளராக அமர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார். நடந்தால் ஆயுசுக்கும் இந்த அறையும் மேசையும் என்னுடையவை. வாயை மூடிக்கொண்டு ஜூன் வரை ஓட்ட வேண்டும்.

உன் தம்பி,
ஜாஸ்பர்


ஹாலிஃபாக்ஸ்,
30 ஜனவரி

தம்பி ஜாஸ்பருக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வலி இல்லை.

நேற்று சபையில் ஓல்டிராய்டு அம்மாள் உன் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து எல்லோர் முன்னாலும் வாசித்தாள். 'பிறப்பில் சந்திரன் கடகத்தில் நின்ற பெண்ணின் மார்பில், சனி அந்த ராசியில் இருக்கும்வரை இரும்பு படலாகாது. பட்டால் ஏழு நாள் தாண்டாள்.' எனக்குப் பிறப்பில் சந்திரன் கடகத்தில். சனியும் இப்போது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, ஆகஸ்ட் பாதிவரை நகராது.

"பிரிசில்லா, ஒன்பதாம் தேதி நீ போனா பதினாறாம் தேதி நாங்க கறுப்பு உடுத்தணும்" என்றாள். அதை அவள் சொன்ன விதம், கறுப்பு உடுப்பு ஏற்கெனவே தைத்து வைத்திருக்கிறாள் போலிருந்தது.

டாக்டரிடம் ஆகஸ்டில் வருகிறேன் என்று சொன்னதற்கு மனுஷன் கையுறையைக் கழற்றி மேசைமேல் வீசினார். "ஆகஸ்டுல வந்தா நான் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். ரூபனுக்கு எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. "ஜாஸ்பரையே கேட்டுடு. அவன் பொய் சொல்ல மாட்டான்" என்கிறார்.

ஆகவே கேட்கிறேன். அந்த வாக்கியத்தைப் பழைய ஏட்டில் உன் கண்ணால் பார்த்தாயா? பார்த்தேன் என்றால் ஆகஸ்டு வரை இருக்கிறேன். இல்லை என்றால் புதன்கிழமை லீட்ஸ் போகிறேன். வேறு கதை எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


(எழுதி, அனுப்பாமல் இழுப்பறையில் வைத்தது)

லண்டன்,
1 பிப்ரவரி

அக்கா,

போ. இந்தக் கடிதத்தை மடிப்பதற்குள் வண்டி ஏறு.

அந்த வாக்கியம் எந்த ஏட்டிலும் இல்லை. போன அக்டோபரில் ஒரு மழை மத்தியானம், வாசகசாலையில் உட்கார்ந்து நானே லத்தீனில் எழுதியது. பெவரெலின் நச்சரிப்பு தாங்கவில்லை. சனியைக் கொண்டுவந்தால் பயப்படுவார், கடகத்தைச் சேர்த்தால் அழகாக இருக்கும், ஏழு நாள் என்றால் பழசாகத் தெரியும். மூன்று வரி எழுத அரை மணிகூட ஆகவில்லை. பழைய தோல் ஒன்றில் தேயிலைத் தண்ணீரைப் பூசி எழுதிக் கொடுத்தேன். பெவரெல் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன்.

யாரைத்தான் நான் ஏமாற்றினேன் என்று சொல்? கிரேக்க ஆசான் பெயரில் இருப்பது அவர் எழுதியதில்லை. அரபிக்காரன் தன் சரக்குக்கு அவர் பெயரை வைத்தான். துறவி தன் சரக்குக்கு அரபிக்காரன் பெயரை வைத்தான். இந்த வம்சத்தில் நானும் ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன். இது உன் மார்பில் வந்து உட்காரும் என்று எனக்கு எப்படித்

பெவரெல் மாடிக்கு வந்துவிட்டார். ஜூனில் நான் உடுத்த வேண்டிய அங்கியை அளவு பார்க்கத் தையற்காரரை அழைத்து வந்திருக்கிறார். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.


லண்டன்,
5 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், இங்கே தலைக்குமேல் வேலை.

நீ கேட்ட வாக்கியம் ஏட்டில் இருக்கிறது. பார்த்தேன். பழையவர்கள் சொன்னதை இந்தக் காலத்துக்கு எவ்வளவு பொருத்திப் பார்க்கலாம் என்பது அவரவர் மனசு. டாக்டரும் படித்தவர்தான். நீயும் அத்தானும் யோசித்து எது சரி என்று தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள்.

ஊரில் பனி பெய்கிறதா? போன வருஷம் அனுப்பிய இஞ்சிக் கேக் இன்னும் நாக்கில் நிற்கிறது.

ஜாஸ்பர்


ஹாலிஃபாக்ஸ்,
14 பிப்ரவரி

கண்ணு ஜாஸ்பருக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இத்துடன் இஞ்சிக் கேக் அனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் தின்று தீர்க்காதே.

'பார்த்தேன்' என்று நீ எழுதியது போதும். பாக்கி எதையும் நான் படிக்கவே இல்லை. ரூபன்தான், "இவன் ஏன் வழுக்கி வழுக்கி எழுதறான்?" என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் தம்பி கண்ணால பாத்ததைச் சொல்றான். உங்களுக்கு என்ன வழுக்குது?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஒன்பதாம் தேதி லீட்ஸுக்குப் போகாமல் வீட்டில் ரொட்டி சுட்டேன். இப்போது சபையில் என் பக்கத்தில் உட்கார அடிதடி. இத்தனை வருஷமும் பின்வரிசையில் உட்கார்ந்தவள் நான். ஓல்டிராய்டு அம்மாள் புதிதாக வருகிறவர்களிடம், "கத்தியைத் திருப்பி அனுப்பினவ இவதான்" என்று என் தோளில் கைவைத்துக் காட்டுகிறாள். சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அக்கா


ஹாலிஃபாக்ஸ்,
24 ஏப்ரல்

தம்பிக்கு,

பத்து வாரமாக ஒரு வரி இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? மார்ச்சில் இரண்டு கடிதம் போட்டேன்.

கட்டி இப்போது கோழிமுட்டை அளவு. மேல்தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. கவுனின் கொக்கியை ரூபன்தான் மாட்டிவிடுகிறார். மாட்டும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பழைய நூல்களில் ஒரு விதி சொன்னால் பக்கத்திலேயே ஒரு விலக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நீதான் ஒரு தடவை எழுதினாய். இதற்கு விலக்கு எதுவும் இல்லையா? அடுத்த ஏட்டைப் புரட்டிப் பார். எனக்காக என்று நினைக்காதே, ரூபனுக்காகப் பார். மனுஷன் சாப்பிடுவதில்லை.

அக்கா


லண்டன்,
2 மே

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

விலக்கு இருக்கிறது! அதே நூலில், அடுத்த ஏட்டிலேயே. 'நோய் வளர்ந்து, வியாழன் நல்ல பார்வை பார்ப்பானானால், சனியைப் பொருட்படுத்தாது இரும்பை அழை.' வியாழன் இப்போது நன்றாகவே பார்க்கிறான். லத்தீன் ஏட்டையும் என் மொழிபெயர்ப்பையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த வாரமே லீட்ஸ் போ.

ஒரு சின்னச் சிக்கல். பெவரெல் இதற்கு முத்திரை போடவில்லை. ஏட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரோ உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க ஜாஸ்பர்" என்றார். "அதே நூல்தானே?" என்று கேட்டேன். "அது நிஜம். இதை எவனோ நடுவுல சொருகியிருக்கான். பழைய ஆளுங்க இரக்கப்பட்டு விதி எழுத மாட்டாங்க. இரக்கம்னு வந்துட்டாலே அது நேத்து எழுதினது" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. முத்திரை வெறும் மெழுகுதானே.

ஜாஸ்பர்


ஹாலிஃபாக்ஸ்,
16 மே

தம்பிக்கு,

உன் ஏடு வந்தது. ஓல்டிராய்டு அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முத்திரை இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பாசக்காரத் தம்பி. அக்கா கஷ்டம் பொறுக்காம அவரே எழுதிட்டார் பாவம்" என்றாள்.

எனக்கும் பார்த்ததுமே அப்படித்தான் பட்டது. உன் பாடத்தை ஒப்பிக்கக் கேட்டவளுக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் முழுக்க நீதான் இருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அழுதேன். என்மேல் உனக்கு இவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆனால் கண்ணு, நிஜமான விதி ஒன்று இருக்கும்போது பிரியத்துக்காக எழுதியதை நம்பிக் கத்திக்குக் கீழே படுக்க முடியுமா? இனிமேல் இப்படிச் செய்யாதே, பெவரெலுக்குத் தெரிந்தால் உன் காப்பாளர் பதவி போய்விடும்.

இடது கை வீங்கியிருக்கிறது. வலது கை இருக்கிறதே, எழுதுவதற்கு அது போதும். ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று மாதம்.

அக்கா


லண்டன்,
27 ஜூன்

அக்கா,

ராணியின் பொன்விழாக் கூச்சல் இப்போதுதான் ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை எனக்கு அங்கி போர்த்தி, ஏட்டு அறையின் சாவியைக் கொடுத்தார்கள். நான் இப்போது காப்பாளர். அதனால் இதை எழுதுகிறேன்.

நாற்பத்தோராம் பக்கமும், போன அக்டோபரில் மழைக்கு வாசகசாலையில் ஒதுங்கியபோது நான் எழுதியதுதான். இரண்டும் என் கைச்சரக்கு. சனிக்கும் உன் மார்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிப்ரவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், எழுதியும் வைத்தேன், அனுப்பத் தைரியம் வரவில்லை. நான் கோழை என்பது உனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். இன்றைக்கே லீட்ஸ் போ. ஓல்டிராய்டு அம்மாளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அத்தானிடமும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு, மறக்காமல் எரித்துவிடு.

என்னை மன்னிப்பாயா?

ஜாஸ்பர்


ஹாலிஃபாக்ஸ்,
10 ஜூலை

ஜாஸ்பருக்கு,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். பயப்படாதே.

அன்றைக்கே லீட்ஸ் போனேன். டாக்டர் என் பக்கம் திரும்பாமல் கையைக் கழுவிக்கொண்டே பேசினார். "பிப்ரவரியில எடுத்திருப்பேன். இப்ப அக்குள், கழுத்து வரைக்கும் ஏறிருச்சு. இனிமே கத்தி வச்சா மேசையிலேயே போயிருவீங்க." பக்கத்தில் ரூபன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்ப ஆகஸ்டு மாசம் வரலாமா டாக்டர்?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

உன்னைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. இப்போதும் இருக்கிறது. அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தபோது எங்கேயாவது கீழே போட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். மன்னிப்பாயா என்று கேட்டிருக்கிறாய். மாட்டேன்.

ஆனால் மூன்று நாளாக யோசித்தேன். நீ சொல்வதுதான் உண்மை என்றால், மழைக்கு ஒதுங்கியவன் பொழுது போகாமல் கிறுக்கியதற்கு நான் சாகிறேன். ஊர் சிரிக்கும். ரூபன் லண்டனுக்கு வந்து உன் கழுத்தை நெரித்துவிட்டுத் தூக்கில் தொங்குவார். சனி பெரிய கிரகம். அதன் கையில் சாவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. உன் கையில் சாவதில் என்ன இருக்கிறது?

அதனால் எனக்கு ஒரு ஏடு எழுது. பிறப்பில் சந்திரன் கடகத்தில் நின்ற பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்தால், சனி எங்கே இருந்தாலும் எந்தக் காலத்திலும் இரும்பு ஆகாது என்றும், கத்தி பட்டிருந்தால் உடனே போயிருப்பாள் என்றும், படாததால்தான் இத்தனை மாதம் தாங்கினாள் என்றும் இருக்க வேண்டும். ரூபன் என்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், காத்திருந்தது சரிதான் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். பழைய தோலில் எழுது. இரக்கம் காட்டி எழுதாதே, போன தடவை அதனால்தான் மாட்டிக்கொண்டாய். முத்திரையோடு சனிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அதற்குமேல் யாராவது வாசித்தாலும் எனக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

கடிதம் எதுவும் எழுதாதே. ஏடு மட்டும் போதும்.

பிரிசில்லா


லண்டன்,
14 ஜூலை

அக்கா,

கடிதம் வேண்டாம் என்றாய், இரண்டு வரிதான். கேட்டபடி ஏடும் அதன் மொழிபெயர்ப்பும் இத்துடன் இருக்கின்றன. பெவரெல் பார்த்த மாத்திரத்தில் முத்திரை போட்டுவிட்டார். சொல்லக்கூடாது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

ஜாஸ்பர்


ஹாலிஃபாக்ஸ்,
8 ஆகஸ்ட்

மச்சான் ஜாஸ்பருக்கு ரூபன் எழுதிக்கொள்வது.

நான் உயிரோடு இருக்கிறேன். அடக்கத்துக்கு நீங்கள் வர முடியாமல் போனதைப் பற்றி மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். புது உத்தியோகம், எனக்குப் புரிகிறது.

ஏடு சரியாகச் சனிக்கிழமை காலையில் வந்தது. நான்தான் அவளுக்கு வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னொரு தரம்" என்றாள். இரண்டாம் தரம் வாசித்ததும், "பாத்தீங்களா, நாம தப்புப் பண்ணலை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தாள். அந்த ஒரு வாரம் நான் அழவில்லை. அதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். டாக்டர் பேச்சைக் கேட்டு அவளைப் பிப்ரவரியிலேயே அனுப்பியிருந்தால் நானே கொன்ற பாவம் எனக்கு வந்திருக்கும்.

உங்கள் ஏட்டை விதிநூலின் அடுத்த பதிப்பில் முதல் பக்கத்திலேயே போடுவதாகப் பெவரெல் ஓல்டிராய்டு அம்மாளுக்கு எழுதியிருக்கிறார். நாங்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டில் ஆனி என்று ஒரு பெண், முப்பது வயசு, மூன்று பிள்ளைகள். அவளுக்கும் அதே இடத்தில் கட்டி, பிறப்பில் சந்திரன் அதே கடகம். நேற்று நானே ஏட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டில் வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். அவள் புருஷன் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார். உங்கள் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள். பிள்ளைகளோடு வந்து நேரில் நன்றி சொல்ல வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூபன்